வீட்டில் கட்டும் மரப்படகு: வாசகர் கேள்வி – பதில்

சிறிய மரப்படகு ஒன்றை வீட்டிலேயே கட்டி முடிப்பது குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுள், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்றவன். தச்சு வேலையை முறையாகக் கற்றதில்லை என்றாலும் பெஞ்சு, அலமாரி செய்யும் அளவுக்குக் கைப்பழக்கம் உண்டு. இருவர் அமர்ந்து துடுப்பு வலிக்கக்கூடிய பத்தடிப் படகு ஒன்றை அயினிப் பலகையில் நானே கட்ட முடியுமா? படகை வீட்டில் வைத்திருந்து, விடுமுறை நாள்களில் மட்டும் நீரில் இறக்குவதாக எண்ணம். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கட்ட முடியும், ஆனால் அயினிப் பலகையில் வேண்டாம். அயினி மிகச் சிறந்த படகு மரம் என்பதில் ஐயமில்லை. குமரிக் கரையிலும் கேரளத்திலும் வள்ளம் கட்டுவோர் தலைமுறை தலைமுறையாக நம்பிவந்த மரம் அது. ஆனால், ஏரா என்னும் அடிமரத்தை வைத்து, வங்கு என்னும் விலாச்சட்டங்களை நிறுத்தி, பலகையை வளைத்துப் பொருத்துவது ஆசாரியோடு ஆண்டுக்கணக்கில் நின்று பழக வேண்டிய வேலை. அதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது. பலகைப் படகு தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். அப்போதுதான் பலகைகள் ஊறிப் பருத்து, இடைவெளிகள் தாமாக அடைபடும். விடுமுறை நாளில் மட்டும் இறக்கி, மற்ற நாள்களில் தாழ்வாரத்தில் காயவிடும் படகின் பலகைகள் சுருங்கிக்கொண்டே இருக்கும். இறக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒழுகும்.

உங்கள் தேவைக்கு ஏற்றது, ஒட்டுப்பலகையை (பிளைவுட்) தைத்து ஒட்டும் முறை. இங்கிலாந்தில் கென் லிட்டில்டைக் என்பவர் கயாக் படகுகளுக்குக் கையாண்ட இந்த முறையை, பாரி பக்னெல், ஜாக் ஹோல்ட் ஆகிய இருவரும் 'மிரர்' என்னும் பாய்ப்படகுக்கு எடுத்துக்கொண்டார்கள். 10 அடி 10 அங்குல நீளமுள்ள அந்தப் படகு 1963-இல் லண்டன் படகுக் காட்சியில் அறிமுகமானது. சமையலறையிலும் கார்க் கொட்டகையிலும் வைத்துச் சாதாரணக் குடும்பத்தினர் கட்டிக்கொள்ளத்தக்கதாக அது அமைந்ததால், இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட படகுகள் உருவாகியுள்ளன. உங்கள் மாவட்டத்து முட்டத்திலேயே 1980-களில் மீனவர்களுக்காக இம்முறையில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன என்பதால், இது நம் கடலுக்குப் புதிதும் அன்று. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளும் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவையே. ஆனால் அங்கே படகு இருக்கும்வரை அதைத் தாங்கியது தையல்தான். இங்கே தையல் தேவைப்படுவது, ஒட்டும் பசையான ரெசின் இறுகும்வரைதான்.

வேலை இவ்வாறு நடக்கும். நம்பகமான வரைபடம் ஒன்றை வாங்கி, அதன் அளவுகளை 6 மி.மீ. பலகையில் குறித்து, அடிப்பலகை, பக்கப்பலகைகள், பின்பலகை ஆகியவற்றை வெட்டிக்கொள்ள வேண்டும். முதற்படகுக்குச் சொந்தமாக வடிவமைக்கும் ஆசையைத் தள்ளிவைப்பது நல்லது. கடையில் கிடைக்கும் பலகை எட்டடிதான். பத்தடிக்கு அதை நீட்ட, இரண்டு பலகைகளின் முனைகளையும் சரிவாக இழைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். கனத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு வேண்டும், 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. இரு பலகைகளையும் 48 மி.மீ. பின்தள்ளிப் படிக்கட்டாக அடுக்கி, இரண்டையும் சேர்த்தே இழைப்புளியால் இழையுங்கள். இழைக்க இழைக்கப் பலகையின் அடுக்குகள் பட்டை பட்டையாக வெளித்தெரியும். அந்தப் பட்டைகள் நேராகவும் ஒரே அகலத்திலும் இருந்தால் சரிவு சரி. ஓரிடத்தில் பட்டை வளைந்தால் அங்கே பள்ளம் அல்லது மேடு இருக்கிறது என்று பொருள். இதைவிட நல்ல அளவுகோல் கடையில் கிடையாது.

பிறகு விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் துளையிட்டு, செப்புக் கம்பியால் பலகைகளைக் கோத்து வெளிப்புறத்தில் முறுக்க வேண்டும். எல்லாக் கம்பிகளையும் முதலில் தளர்வாக முறுக்கிவிட்டு, பின்னர் அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, தொடங்கிச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். எல்லாம் இறுகியபின், ரெசினைத் தொடுவதற்கு முன்பாக, படகின் முன்பக்கத்தில் ஒன்றும் பின்பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு நேரான சட்டங்களைக் குறுக்கே வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்திருக்காவிட்டால் உடல் முறுகியிருக்கிறது. கம்பி நிலையில் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடக்கூடிய இந்தக் கோணல், ரெசின் இறுகிய பின் படகு உள்ளவரை போகாது. துடுப்பு வலிக்கும்போது படகு ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

மட்டம் சரியானதும், எபாக்ஸி ரெசினில் சன்னமான மரத்தூளும் சிலிக்கா தூளும் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்துக்குக் கலந்து, உள்மூலைகளில் குழிவாகப் பூசுங்கள். அதன்மேல் 75 மி.மீ. அகலக் கண்ணாடியிழை நாடாவைப் படியவைத்து ரெசின் ஊட்ட வேண்டும். உட்புறம் இறுகியபின் கம்பிகளை வெட்டி எடுத்துவிட்டு, வெளிவிளிம்புகளை உருட்டி இழைத்து, அங்கும் நாடா ஒட்ட வேண்டும். இத்துடன் படகு உருவாகிவிட்டதாகத் தோன்றும். வேலையில் பாதிகூட முடிந்திருக்காது. தேய்ப்பதும் பூசுவதும்தான் மீதிப் பெரும்பாதி.

கேள்வி: 'மெரைன் பிளைவுட்' என்று சொல்லிப் பல விலைகளில் காட்டுகிறார்கள். எதை நம்பி வாங்குவது? (திருச்சி, மதுரை வாசகர்கள்)

பதில்: கடைக்காரர் சொல்லும் பெயரை விட்டுவிட்டு, பலகையில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 710 என்ற தர எண்ணும் இருக்க வேண்டும். வீட்டு அறைகலன்களுக்கு விற்கப்படும் ஐ.எஸ். 303 பலகை படகுக்கு ஆகாது. 710 தரத்தின் பசை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடாததாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு துண்டை வாங்கிவந்து நாள் முழுவதும் கொதிக்கவிட்டு, உலரவைத்து, அடுக்குகளுக்கிடையே உளியைச் செருகிப் பாருங்கள். பசைக்கோட்டில் சுத்தமாகப் பிரிந்தால் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மரநார் கிழிந்துகொண்டு வந்தால் பசை நல்லது.

ஆனால் பசை மட்டும் போதாது. நடு அடுக்குகளில் துண்டுகள் சரியாகச் சேராமல் விடப்பட்ட பொந்துகள்தாம் படகுப் பலகையின் முதல் எதிரி. நான்கு விளிம்புகளையும் கண்ணால் பாருங்கள். பலகையைத் தூக்கி நிறுத்தி, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓசை மாறும் இடத்தில் சந்தேகப்படுங்கள். பொந்துள்ள இடத்தை வளைக்கும்போது அது அங்கேயே முறியும். முறியாவிட்டாலும், பின்னொரு நாள் உள்ளே புகும் நீர் அங்கே தங்கும். 6 மி.மீ. பலகை ஒன்று ஏறத்தாழ 12 கிலோ இருக்கும். பத்தடிப் படகுக்கு மூன்று அல்லது நான்கு பலகைகள் போதும். பலகையைவிட ரெசினுக்குக் கூடுதலாகச் செலவாகக்கூடும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பாலியெஸ்டர் ரெசின் வாங்கிவிட வேண்டாம். அது கண்ணாடியிழைப் படகுகளுக்கு உரியது, மரத்தை எபாக்ஸி பிடிப்பதுபோல் பிடிக்காது.

கேள்வி: எபாக்ஸியைக் கலந்து வைத்த சிறிது நேரத்திலேயே கிண்ணம் சூடேறிப் புகைந்து, உள்ளே இருந்தது கல்லாகிவிட்டது. மற்றொரு நாள் பூசியது நன்றாக இறுகியது. ஆனால் அதன்மேல் அடித்த பெயின்ட் தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிட்டது. ரெசினே போலியா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: ரெசின் நல்லதாகவே இருக்கலாம்; இரண்டு தொல்லைகளுக்கும் நம் ஊர் வெப்பமும் ஈரமும்தான் காரணமாகத் தெரிகிறது. எபாக்ஸி இறுகும்போது தானே வெப்பத்தை வெளிவிடும். வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால், இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆழமான கிண்ணத்தில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும். எனவே சிறிது சிறிதாகக் கலந்து, கலந்தவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். ரெசினை இறுகச் செய்யக் கலக்கும் ஹார்டனரில், மெதுவாக இறுகும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஹார்டனரைக் குறைத்தால் மெதுவாகும், கூட்டினால் விரைவாகும் என்று எண்ணி அளவை மாற்றுவது பெருந்தவறு. பாலியெஸ்டரில் அதற்கு ஓரளவு இடமுண்டு. எபாக்ஸியில் விகிதம் பிசகினால் அது என்றைக்கும் முழுமையாக இறுகாது. டிஜிட்டல் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். நிறைக்கு ஒரு விகிதமும் கொள்ளளவுக்கு வேறொரு விகிதமும் டின்னில் அச்சிட்டிருக்கும். ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடாதீர்கள்.

இரண்டாவது தொல்லை, ஈரக்காற்றில் இறுகும் எபாக்ஸியின்மேல் படரும் மெல்லிய மெழுகுப் படலம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரலால் தடவினால் வழுக்கும். அது இருக்கும்வரை எந்தப் பெயின்டும் பிடிக்காது. அந்தப் படலம் தண்ணீரில் கரையக்கூடியது என்பதால், சுத்தமான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். தண்ணீரால் கழுவித் துடைத்த பின்னரே உப்புத்தாளைத் தொட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் மெழுகு பரப்பெங்கும் பரவிவிடும். நீங்கள் பூசிய பெயின்ட் முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு இப்படிச் செய்து பாருங்கள்.

பூசும் நேரத்தையும் கவனியுங்கள். காலையில் வெயில் ஏற ஏற, மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈரமான ரெசினில் குமிழி குமிழியாக வெளிவரும். பிற்பகலில், பலகை குளிரத் தொடங்கும் நேரத்தில் முதற்பூச்சைப் பூசினால், சுருங்கும் காற்று ரெசினை மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இந்த வேலையையே தள்ளிப்போடுங்கள். கையுறை இல்லாமல் ரெசினைத் தொடாதீர்கள். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பின்னர் அதன் அருகிலேயே போக முடியாது. தோலில் பட்டுவிட்டால் தின்னர் வேண்டாம், சோப்பும் தண்ணீருமே போதும். இறுகியதைத் தேய்க்கும்போது பறக்கும் தூளில் கண்ணாடியிழையும் கலந்திருக்கும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது அதற்குப் போதாது, நல்ல முகமூடி வேண்டும்.

கேள்வி: மரத்தின் அழகு தெரிய வார்னிஷ் அடிப்பதா, பெயின்ட் அடிப்பதா? எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் போதும் என்கிறார்கள். (தூத்துக்குடி வாசகர்)

பதில்: பெரியவர்கள் சொல்வது பலகை வள்ளத்துக்குச் சரி. எண்ணெய் மரத்துக்குள் ஊறிப் பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும்; அவ்வப்போது கரையேற்றி மறுபடி பூசிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ரெசின் பூசிய ஒட்டுப்பலகைக்குள் எண்ணெய் இறங்காது. ரெசினுக்கு முன்பே எண்ணெய் பூசிவிட்டால் ரெசின் ஒட்டாது. ஆகவே இரண்டில் ஒன்றுதான். முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலைப் புண்ணாக்கக்கூடியது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எபாக்ஸி தண்ணீருக்கு அஞ்சாது, வெயிலுக்கு அஞ்சும். மூடாமல் விட்டால், புற ஊதாக் கதிரால் சில மாதங்களில் மஞ்சளித்து, சுண்ணாம்புபோல் பொடிந்து உதிரத் தொடங்கும். எனவே வார்னிஷோ பெயின்டோ அழகுக்காக மட்டும் அன்று, ரெசினின் குடை அது. எங்கள் கருத்தைக் கேட்டால், உடல் முழுவதற்கும் வெளிர்நிறப் பெயின்ட், மேல்விளிம்புச் சட்டத்துக்கும் இருக்கைக்கும் துடுப்புக்கும் மட்டும் வார்னிஷ் என்று வைத்துக்கொள்வது நல்லது. முழுப்படகுக்கும் வார்னிஷ் அடிப்பவர் ஒவ்வோர் ஆண்டும் அதைத் தேய்த்து மறுபடி பூசக் கடன்பட்டவராகிறார். கருநீலம், கரும்பச்சை போன்ற அடர்நிறங்கள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் அறை வெப்பநிலையில் இறுகிய எபாக்ஸி 50 முதல் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். தூத்துக்குடி வெயிலில் கவிழ்த்துவைத்த கருநிறப் படகின் அடிப்புறம் அந்த வெப்பத்தை எட்டிவிடும். பிறகு கண்ணாடியிழைத் துணியின் நெசவு பெயின்டின் ஊடே தெரிய ஆரம்பிக்கும்.

தேய்ப்பதில், 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 120, 220 என்று ஏறுங்கள். நீளமான தட்டைக் கட்டையில் தாளைச் சுற்றித் தேய்த்தால்தான் மேடு பள்ளம் போகும். கைவிரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் ஆழமாகும். துணியின் இழை வெளித்தெரிந்தால் உடனே நிறுத்தி, மேலும் ஒரு பூச்சு ரெசின் கொடுங்கள்.

வார்னிஷுக்குக் கடல் உபயோகத்துக்குரிய, புற ஊதாத் தடுப்பு உள்ள வகையே வேண்டும். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் சாதாரண வார்னிஷ் ஒரு கோடையைத் தாண்டாது. ரெசின் படாத வெறும் மரமானால் முதற்பூச்சில் சரிபாதி தின்னர் கலந்து ஊறவிட்டு, பின்னர் கனத்தைக் கூட்டிக்கொண்டே போய், ஆறு முதல் எட்டுப் பூச்சு வரை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் 320-ஆம் எண் தாளால் இலேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்தெடுங்கள். ரெசினுக்குச் சொன்ன நேரம் இதற்குப் பொருந்தாது. காலையில் பனி உலர்ந்தபின் நிழலில் வார்னிஷ் அடியுங்கள். மாலையில் அடித்தால், காய்வதற்குள் பனி இறங்கிப் பளபளப்பைக் கெடுத்துவிடும்.

கேள்வி: அப்பு காலத்து மரத் தோணி ஒன்று இரண்டு வருஷமாகக் கரையில் கிடந்து, பலகை இடுக்குகளில் வெளிச்சம் தெரிகிறது. அதன்மேல் ஃபைபர் துணி ஒட்டிவிட்டால் போதும் என்கிறார்கள். செய்யலாமா? (மட்டக்களப்பு வாசகர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் தோணியைக் களப்பின் ஆழமில்லாத ஓரத்தில் கல் ஏற்றி அமிழ்த்தி, சில நாள்கள் ஊறவிடுங்கள். பெரும்பாலான இடுக்குகள் தாமே மூடிக்கொள்ளும். மூடாதவற்றில் மட்டும் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிக் கலப்பற்று வைத்தால் போதுமானது. ஈரத்தில் பருத்து, காய்ந்தால் சுருங்கும் பலகையின்மேல் ஒட்டிய துணி அந்த அசைவைத் தாங்காமல் ஓரிடத்தில் பிய்யும். அதன் வழியாகப் புகும் நீர் வெளியேற முடியாமல் துணிக்கும் பலகைக்கும் நடுவில் தங்கி, கண்ணுக்குத் தெரியாமலேயே மரத்தை உளுக்கச் செய்யும்.

உப்புத் தண்ணீரைக் குற்றஞ்சொல்கிறோம். உண்மையில் மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. உள்ளே தேங்கும் மழைத் தண்ணீர்தான் அதற்கு விருந்து. உங்கள் தோணியின் அணியத்திலும் வங்குகளின் அடியிலும் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள். கத்தி தடையின்றி இறங்கும் இடத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். புதிதாக ஒட்டுப்பலகையில் கட்டுவோருக்கும் இது பொருந்தும்: வெட்டிய விளிம்பும் ஆணித் துளையும்தாம் நீர் உறிஞ்சும் வாய்கள். திருகாணிக்குத் துளையிட்ட பின் அத்துளைக்குள்ளேயே ரெசின் விட்டு, அதன் பின்னரே ஆணியை முடுக்குங்கள். படகை எப்போதும் கவிழ்த்து, தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமாக வையுங்கள். தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றி வைப்பது மழையில் விடுவதைவிட மோசம்.

கேள்வி: என் கார்க் கொட்டகையில் சீடர் மரப் பட்டிகளால் கனூ என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகு கட்டிவருகிறேன். குளிரில் எபாக்ஸி இறுக மறுக்கிறது. மண்ணெண்ணெய் ஹீட்டர் வைக்கலாமா? (டொராண்டோ வாசகர்)

பதில்: வேண்டாம். புகைபோக்கி இல்லாத ஹீட்டர் வெளிவிடும் நீராவியும் கரியமில வாயுவும் சேர்ந்து, புதுச்சேரி வாசகருக்குச் சொன்ன அதே மெழுகுப் படலத்தை வருவிக்கும். மூடிய கொட்டகையில் உயிருக்கும் ஆபத்து. மின் ஹீட்டர் வைத்து, காற்றை மட்டுமன்றி மரத்தையும் முந்தின நாளிலிருந்தே சூடேற்றி வையுங்கள். ரெசின் டின்னை வீட்டுக்குள் வைத்திருங்கள். குளிரில் படிகம் கட்டிப்போயிருந்தால் வெந்நீரில் டின்னை நிறுத்தி வைத்தால் மீண்டும் தெளிந்துவிடும். பட்டிகளை ஒட்டுவதை மட்டும் குளிர்காலத்தில் முடித்துவிட்டு, கண்ணாடியிழைத் துணி போடுவதை வசந்தத்துக்கு ஒத்திப்போடுவது அதைவிடச் சிறந்தது.

கேள்வி: படகு கவிழ்ந்தால் மூழ்காமல் இருக்க என்ன செய்வது? மொட்டை மாடியில் வைத்துக் கட்டினால் கீழே இறக்க முடியுமா? (சேலம் வாசகர்)

பதில்: முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மூடிய காற்றறைகள் அமையுங்கள். ஒவ்வொரு லிட்டர் கொள்ளளவும் ஒரு கிலோ எடையைத் தாங்கும் என்பதே கணக்கு. அறைக்குத் திறந்து மூடும் மூடி கட்டாயம் வேண்டும். கரையேறியதும் அதைத் திறந்து உலரவிட வேண்டும். அறைக்குள் தெர்மோகோலை அடைத்து நிரந்தரமாக மூடிவிடுவோர் உண்டு. கசிந்த நீர் அங்கே தங்கிவிடும் என்பதால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. முதல் முறை இறக்கும்போது, இடுப்பளவுத் தண்ணீரில் படகை நிறைய நீர் விட்டு நிரப்பி, நீங்களும் ஏறி அமர்ந்து பாருங்கள். அப்போதும் விளிம்பு நீருக்கு மேல் நின்றால் அறைகள் போதும். காற்றறை இருக்கிறது என்பதற்காக உயிர்காப்பு உடையை விட்டுவிடக் கூடாது. ஏரியில் இறக்குமுன், அந்த நீர்நிலை எத்துறையின் பொறுப்பில் இருக்கிறதோ அங்கே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

மாடியைப் பொறுத்தவரை, நான்கடி அகலப் படகையும் பக்கவாட்டில் நிமிர்த்தினால் மூன்றடிக் கதவு வழியாக எளிதாகக் கொண்டுபோகலாம். படகின் ஆழம் ஒன்றரை அடிதானே. சிக்கல் மாடிப்படியின் திருப்பத்தில்தான். பலகை வாங்குவதற்கு முன், படகின் நீளத்துக்கு ஒரு மூங்கில் கழியை வெட்டி, நடுவில் நான்கடி அட்டை ஒன்றைக் கட்டி, இருவராகப் பிடித்து மேலிருந்து கீழே இறக்கிப் பாருங்கள். திருப்பத்தில் அது சிக்கினால், கைப்பிடிச்சுவருக்கு மேலாகக் கயிறு கட்டி இறக்க வேண்டியிருக்கும். முடிந்த படகு 40 முதல் 50 கிலோ வரை இருக்கும் என்பதால் நான்கு பேர் இருந்தால் அதுவும் ஆகக்கூடியதே. பக்கத்து வீட்டு மின்கம்பி எங்கே ஓடுகிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.